ஆயர் தன் சந்தேகத்தை உங்களிடம் சொன்னால்

கொடைக்கானலில் ஒரு விஷயம் ரகசியமாக இருப்பது கஷ்டம். மூஞ்சிக்கல்லில் ஒருவர் சொன்னது டீ ஆறுவதற்குள் ஏரிப் பக்கம் வந்துவிடும். இப்படிப்பட்ட ஊரில் ஒரு சபை ஆயரோ (பாஸ்டர்) பங்குத்தந்தையோ பூசாரியோ, "நான் வேண்டுறது யாருக்காவது கேட்குதான்னே தெரியல" என்று உங்களிடம் சொன்னால், அதைச் சொல்ல அவர் பல வருடம் தயங்கியிருப்பார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் தயக்கம்? ஆயர் குடியிருக்கும் குருமனை சபையுடையது, வேலை போனால் வீடும் போகும், படித்த இறையியலை வைத்து வேறு வேலை தேடுவதும் லேசல்ல. பூசாரிக்குப் பரம்பரை முறை, பங்காளிகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். சாதாரண விசுவாசிக்கோ பிள்ளைகளின் கல்யாணமும் கல்லறைத் தோட்டத்து இடமும்கூட சபையோடுதான். ஆனால் இதையெல்லாம்விடப் பெரிய காரணம், நேற்று கணவனைப் புதைத்துவிட்டு இவர் கையைப் பிடித்து அழுத அந்த அம்மாதான். அவருக்கு இருக்கிற ஒரே பிடியை நான் தட்டிவிடலாமா என்று நினைத்தே பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். இதைப் போலித்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அன்னை தெரசா 1997இல் இறந்தார். கடவுளின் அருகாமையை உணர முடியாத இருளில் அவர் பல பத்தாண்டுகள் இருந்தார் என்பது 2007இல் அவருடைய கடிதங்கள் நூலாக வெளியானபோதுதான் உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது. அவரும் ஒரேயடியாக மௌனமாக இருக்கவில்லை, நம்பிக்கையான சில குருக்களிடம் எழுதியிருக்கிறார். அந்தச் சிலரில் ஒருவராகத்தான் நீங்கள் இருக்க வேண்டும்.

சரி, என்ன செய்வது? கோயில் வளாகத்தில் எதிரெதிரே உட்காராதீர்கள். காலையில் சுற்றுலாக் கூட்டம் வருமுன் ஏரியைச் சுற்றி நடக்கக் கூப்பிடுங்கள். சுமார் ஐந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், முகம் பார்க்காமல் பக்கத்தில் நடக்கும்போது பேச்சு தானாக வரும். வசனம் எடுத்து நீட்டாதீர்கள். நான் ஒருமுறை ஒருவரிடம் அந்தத் தப்பைச் செய்தேன், அன்றிலிருந்து அவர் என்னிடம் மழையையும் பனியையும் பற்றி மட்டும்தான் பேசினார், இன்றும் அது எனக்கு உறுத்துகிறது. "எல்லாம் பொய்தானே, வெளியே வந்துடுங்க" என்று தள்ளுவதும் அதே தப்புதான். "எப்பலேர்ந்து இப்படி இருக்கு?", "ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேளுங்கள், ஏனென்றால் தொடர்ந்து சாவு வீடும் ஆஸ்பத்திரியுமாக அலைந்த களைப்பும் இப்படிப் பேச வைக்கும்.

அப்புறம் முக்கியமான ஒன்று: அவர் பெயரை ஜெபக் குறிப்பில் கொடுக்காதீர்கள். "ஆயருக்காக விசேஷமா ஜெபிச்சுக்கோங்க" என்ற ஒரு வரி போதும், கமிட்டி வரை போய்விடும். வீட்டிலும் சொல்ல வேண்டாம். கத்தோலிக்கக் குருவாக இருந்தால், மலையிறங்கி, தன்னைத் தெரியாத ஒரு குருவிடம் பாவசங்கீர்த்தனத்தில் பேசலாம் என்று நினைவூட்டுங்கள், அங்கே கேட்டதை அந்தக் குரு எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்ல முடியாது.

நிஜமாகவே விலக முடிவெடுத்தால், முதலில் வாடகை வீடு, அடுத்து வேலை, அறிவிப்பெல்லாம் கடைசியில்தான். அவசரப்படுத்தாதீர்கள். வரும் ஞாயிறு அவர் பிரசங்கம் செய்யும்போது உங்கள் வழக்கமான பெஞ்சிலேயே உட்காருங்கள், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.