லினக்ஸில் பேக்கேஜ் உடைந்தால் செய்யக்கூடாதவை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வந்தால் கொடியில் கிடக்கும் துணியை எடுப்போம், டிவி பிளக்கைப் பிடுங்குவோம். லேப்டாப் மட்டும் மேசைமேல் ஓடிக்கொண்டே இருக்கும். யாராவது அதில் அப்டேட் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருப்பார்கள். இடி ஒன்று விழும், கரண்ட் போகும். மறுநாள் காலையில் எனக்கு வாட்ஸ்அப் வரும்: "அண்ணே, லினக்ஸ் கெட்டுப்போச்சு. பார்மட் பண்ணிடவா?"

வேண்டாம் என்று உடனே பதில் போடுவேன்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப்கள் எங்கள் தாமானிலும் (குடியிருப்பிலும்) எல்பில் தோட்டப் பக்கத்திலும் நிறைய இருந்தன. அண்ணன் படித்தது தங்கைக்கு, தங்கை படித்தது தம்பிக்கு என்று கை மாறியவை. அவற்றில் பலவற்றுக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸின் இரு வகைகளான மின்ட் அல்லது உபுண்டு போட்டுக் கொடுத்தேன். நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் முக்கால்வாசிக்குப் பேட்டரி செத்துப்போயிருக்கும். கரண்ட் போன அந்த நொடியே லேப்டாப்பும் அணைந்துவிடும்.

நான் பார்த்த வரையில், பேக்கேஜ், அதாவது லினக்ஸில் மென்பொருள் வந்து இறங்கும் பொட்டலம், உடைந்ததால் மட்டும் ஒரு லேப்டாப் வீணாய்ப் போனதில்லை. சரிசெய்கிறேன் என்று கண்ட கட்டளையையும் போட்டதில்தான் போயிருக்கிறது. அதனால்தான் எதைச் செய்யலாம் என்பதைவிட எதைச் செய்யக்கூடாது என்பதை எழுத நினைத்தேன். கட்டளைகளைப் போனில் சொல்வதுபோலத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. உபுண்டு, மின்ட், டெபியன் என்ற லினக்ஸ் வகைகள் மூன்றிலும் இரண்டு பேர், அதாவது இரண்டு நிரல்கள், வேலை பார்க்கிறார்கள். ஏபிடி என்பவர் எந்தப் பேக்கேஜுக்கு எது துணை வேண்டும் என்று கணக்குப் போட்டு, இணையத்திலிருந்து கொண்டுவந்து இறக்குவார். டிபிகேஜி என்பவர் அதைப் பிரித்து, அந்தந்த இடத்தில் வைத்து, அமைத்து முடிப்பார். முடித்ததை ஒரு பதிவேட்டில் எழுதிவைப்பார். தோட்டத்து ஆபீஸில் கிராணி வைத்திருக்கும் செக்ரோல் மாதிரிதான் இது. யார் பெரட்டுக்கு வந்தார், யார் வரவில்லை என்பது அந்த ஏட்டில் இருப்பதுதான் கணக்கு. கணினியிலும் அப்படியே. வார் என்ற கோப்புறைக்குள் லிப், அதற்குள் டிபிகேஜி, அதற்குள் ஸ்டேட்டஸ் என்ற ஒரே கோப்பு. அதுதான் செக்ரோல்.

ஒவ்வொரு பேக்கேஜும் இரண்டு கட்டமாக உள்ளே வருகிறது. ஒன்று பிரித்து வைப்பது, அடுத்தது அமைப்பது. இந்த இரண்டுக்கும் நடுவில் கரண்ட் போனால் பதிவேட்டில் "பாதி முடிந்தது" என்று நிற்கும். அவ்வளவுதான் சங்கதி. விட்ட இடத்திலிருந்து முடிக்கச் சொன்னால் டிபிகேஜி முடித்துக் கொடுத்துவிடும்.

போன வருட மழையில் படிவம் 5 படிக்கும் ஒரு பிள்ளையின் லேப்டாப் இப்படித்தான் நின்றது. திரை கறுப்பு, மேலே ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. எஸ்பிஎம் தேர்வுக் குறிப்பெல்லாம் அதற்குள்தான். அம்மாவும் பிள்ளையும் மறுநாள் ஈப்போவுக்குக் கொண்டுபோய் பார்மட் பண்ணிவிடுவதாக இருந்தார்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொன்னேன். எழுத்துத் திரை வந்து பெயர் கேட்டது, கடவுச்சொல் கேட்டது. "அண்ணே, கீபோர்டும் போச்சு, ஒண்ணுமே விழல" என்றாள். கடவுச்சொல் தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது, நட்சத்திரக் குறிகூட வராது, தட்டிவிட்டு என்டர் அடி என்றேன். உள்ளே போனதும், நிர்வாகி உரிமை தரும் "சூடோ"வோடு, விட்டதை முடிக்கும் கட்டளை: "சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ". வரிவரியாக ஓட ஆரம்பித்தது. நான் ஒரு கோப்பி குடித்து முடிப்பதற்குள் ஓடி முடிந்தது. அப்புறம், துணைப் பேக்கேஜ் குறையைச் சரிசெய்யும் "சூடோ ஏபிடி --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்" போடச் சொன்னேன். நீக்க எதுவும் இல்லை, இரண்டு பேக்கேஜை மட்டும் புதிதாகக் கேட்டது. சரி என்றோம். மறுபடி பூட் ஆனபோது அவள் வைத்த அதே வால்பேப்பரோடு திரை வந்து நின்றது. குறிப்புகள் அப்படியே இருந்தன.

ஆகவே பார்மட் பண்ணுவதுதான் முதல் தவறு. திரையே வராவிட்டாலும், பெரும்பாலும் உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

அடுத்தது பூட்டை அழிப்பது. இதை இணையத்தில் எல்லா இடத்திலும் மருந்துபோலச் சொல்லிவைத்திருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏபிடி கட்டளை போட்டால் சிலநேரம் "பூட்டு கிடைக்கவில்லை" என்று சொல்லும். அந்தப் பூட்டுக் கோப்பின் பெயரையும் காட்டும். உடனே பலர் அந்தக் கோப்பை அழித்துவிடுகிறார்கள். ஒரே செக்ரோலில் இரண்டு கிராணிகள் ஒரே நேரத்தில் எழுதினால் என்ன ஆகும்? அதைத் தடுக்கத்தான் பூட்டு. உபுண்டுவில் பெரும்பாலும் பின்னால் தானாக ஓடும் பாதுகாப்பு அப்டேட்தான் அதைப் பிடித்திருக்கும். இப்போதைய ஏபிடி, யார் பிடித்திருக்கிறார் என்று எண்ணோடு பெயரையும் சொல்லிவிடுகிறது. "அன்அட்டெண்டட்" என்று தொடங்கும் பெயரைப் பார்த்தால் பசியாறிவிட்டு வந்து பாருங்கள், முடிந்திருக்கும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கோப்பு இருப்பதாலேயே பூட்டு விழுவதில்லை. பூட்டைப் பிடித்து வைத்திருப்பது கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி. வேலை செய்த நிரல் முடிந்தாலும் சரி, நடுவில் செத்தாலும் சரி, கெர்னல் பூட்டைத் தானே விடுவித்துவிடும். கோப்பு மட்டும் எப்போதும் அங்கேயே கிடக்கும், கிடக்கட்டும். அதனால் அதை அழிக்க வேண்டிய தேவையே வருவதில்லை. வேறொரு நிரல் உள்ளே எழுதிக்கொண்டிருக்கும்போது அழித்தால் பதிவேடு கெட்டுப்போக வழி திறந்தாகிவிட்டது. மணிக்கணக்கில் பூட்டு விலகவில்லை என்றால், வேறொரு டெர்மினலில் (கட்டளை தட்டும் சன்னலில்) ஒரு கேள்வி பதிலுக்காகக் காத்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய அமைப்புக் கோப்பை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்று டிபிகேஜி கேட்டு நிற்பதுண்டு. புரியாவிட்டால் என்டர் அடியுங்கள். பழையதே இருக்கும்.

பிழைச்செய்தியின் கடைசி வரியை மட்டும் படிப்பது மூன்றாவது. "டிபிகேஜி பிழை எண் 1 தந்தது" என்பதுதான் எல்லாருக்கும் வரும் கடைசி வரி. அதைப் படம் பிடித்து அனுப்பினால் எனக்கு ஒன்றும் தெரியாது. காரணம் பத்துப் பதினைந்து வரிக்கு மேலே இருக்கும். இடமில்லை என்று இருக்கலாம். 32 ஜிபி மட்டுமே உள்ள சின்ன லேப்டாப்களில் இது அடிக்கடி வரும். "டிஎஃப் -எச்" போட்டால் எந்தப் பகுதி நிரம்பியது என்று தெரியும். "சூடோ ஏபிடி க்ளீன்" போட்டால் இறக்கிவைத்த பழைய பேக்கேஜ் கோப்புகள் போய் இடம் கிடைக்கும். கணினி எழத் தேவையான கோப்புகள் உள்ள பூட் பகுதி நிரம்பியிருந்தால் அங்கே கையால் போய் எதையும் அழிக்காதீர்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலை அழித்துவிட்டால் அடுத்த முறை எழாமலே போகலாம். "ஆட்டோரிமூவ்" கட்டளை பழைய கெர்னல்களை முறையாக எடுக்கும்.

இன்னொரு காரணம் பழைய லேப்டாப்களுக்கே உரியது. இணையத்திலிருந்து வந்த பேக்கேஜ் பட்டியலைப் பற்றி, "இந்தப் பட்டியல் இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று ஏபிடி சொல்லும். கடிகாரத்தைப் பாருங்கள், தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற சிறிய பேட்டரி, பல மாடல்களில் சிஆர்2032, தீர்ந்துவிட்டது. இணையம் வந்ததும் தேதி தானே சரியாவது வழக்கம். அதற்குள் அப்டேட் போட்டால்தான் இந்தப் பிழை வரும். ஏபிடியைப் பொறுத்தவரை அந்தப் பட்டியல் நாளைக்கு எழுதப்பட்டது, அதனால் நம்ப மறுக்கிறது. தேதியைச் சரிசெய்தால் போதும். இதற்குப் போய்க் கையொப்பச் சோதனையையே அணைத்துவிடுங்கள் என்று சொல்லும் யோசனையை ஏற்காதீர்கள். இறங்கும் மென்பொருள் உண்மையானதுதானா என்று பார்க்க நமக்கு இருப்பது அந்தச் சோதனைதான்.

என் மனதை உண்மையிலேயே வருத்தும் தவறு, படிக்காமல் "ஒய்" அடிப்பது. "ஃபிக்ஸ்-புரோக்கன்" நல்ல கட்டளைதான். ஆனால் சிக்கலைத் தீர்க்க வழி தெரியாதபோது, முரண்படும் பேக்கேஜ்களை நீக்கிவிடுவதும் அதற்கு ஒரு வழி. நீக்கப் போகிற பட்டியலைக் காட்டிவிட்டுத்தான் கேட்கும். அந்தப் பட்டியலில் சினமன், க்னோம் (இரண்டும் டெஸ்க்டாப்), நெட்வொர்க் மேனேஜர் போன்ற பெயர்கள் இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். டெஸ்க்டாப் நமக்கு அவசியம். ஏபிடி வைத்திருக்கும் "அவசியம்" பட்டியலில் அது கிடையாது. நெட்வொர்க் மேனேஜர் போனால் வைஃபை போகும், அப்புறம் திரும்ப இறக்கவும் வழியிருக்காது. 2021 நவம்பரில், யூடியூபில் பெயர் பெற்ற ஒரு தொகுப்பாளர் விளையாட்டுக்கான ஸ்டீமை நிறுவப் போய், எச்சரிக்கையைத் தாண்டி ஆங்கிலத்தில் ஒரு முழு வாக்கியத்தையே தட்டி ஒப்புதல் கொடுத்து, டெஸ்க்டாப்பை இழந்தார். உலகமே பார்த்தது. அதன் பிறகு ஏபிடியை எழுதுபவர்கள் மிக அடிப்படையான பேக்கேஜ்களை அவ்வளவு சுலபமாக நீக்க முடியாதபடி மாற்றினார்கள். என்றாலும் டெஸ்க்டாப்பை நீக்க இன்றும் ஒரு "ஒய்" போதும். சந்தேகமாக இருந்தால் கட்டளையோடு "-எஸ்" சேர்த்துப் போடுங்கள். என்ன செய்யப் போகிறது என்று ஒத்திகை மட்டும் காட்டும், எதையும் தொடாது.

இந்தச் சிக்கலே எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் வேறு ஊர்ச் சரக்கைக் கலந்ததால்தான். மின்ட் 22 உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்டது, மின்ட் 21 உபுண்டு 22.04-ஐ. மின்ட் 21-இல் இருந்துகொண்டு 24.04-க்கான களஞ்சியத்தை, அதாவது பேக்கேஜ்கள் இறங்கும் இணையக் கிடங்கை, சேர்த்தாலோ, டெபியனுக்கு எழுதிய வழிமுறையைப் பார்த்து டெபியன் களஞ்சியத்தைச் சேர்த்தாலோ, நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நூலகங்களின் பதிப்பு ஒன்றுக்கொன்று பொருந்தாது. அப்போது "பிடித்து வைத்த உடைந்த பேக்கேஜ்கள் உள்ளன" என்று ஒரு செய்தி வரும். யாரும் எதையும் பிடித்து வைத்திருக்க மாட்டார்கள். பதிப்புக் கணக்கு ஒத்துவரவில்லை என்பதைத்தான் ஏபிடி அப்படிச் சொல்கிறது. "ஏபிடி-கேஷ் பாலிசி" என்று தட்டிப் பேக்கேஜ் பெயரையும் சேர்த்தால் எந்தப் பதிப்பு எந்தக் களஞ்சியத்திலிருந்து வருகிறது என்று காட்டும். பொருந்தாத களஞ்சியத்தை எடுத்துவிட்டு அப்டேட் போட்டுப் பாருங்கள். கலப்பில் ஏற்கெனவே ஏறிவிட்ட பேக்கேஜ்களைப் பழைய பதிப்புக்கு இறக்க வேண்டியும் வரலாம். இதை விட்டுவிட்டு "ஃபோர்ஸ்" என்று தொடங்கும் கட்டளைகளால் நெருக்கித் திணிப்பதும், டிபிகேஜியின் இன்ஃபோ கோப்புறையில் உள்ள கோப்புகளை அழிப்பதும் இன்றைய பிழையை மறைத்து அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கும்.

"இவை தள்ளிவைக்கப்பட்டன" என்று அப்டேட் முடிவில் வருவது உடைப்பு இல்லை. உபுண்டு சில அப்டேட்களை எல்லாருக்கும் ஒரே நாளில் தராமல் படிப்படியாகத் தருகிறது. உங்கள் முறை வரும்வரை விட்டுவிடுங்கள்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பைத்தான் பாடத்துக்கு வேறு பதிப்பு வேண்டும் என்று கணினியோடு வந்த பைத்தான்3-ஐ நீக்காதீர்கள், அந்தப் பெயர் எந்தப் பதிப்பைச் சுட்டுகிறது என்ற இணைப்பையும் மாற்றாதீர்கள். உபுண்டுவின் பல கருவிகள் அதில்தான் ஓடுகின்றன. டெர்மினலே திறக்காமல் போய்விடலாம். புதிய உபுண்டுவில், பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் போட்டால் மறுத்துவிடும். "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்" என்று சேர்த்தால் ஏற்கும். கணினியின் பேக்கேஜ்களை உடை என்றுதான் அதற்குப் பொருள். பாடத்துக்கு வீஎன்வி என்ற தனிப் பைத்தான் சூழலைப் போட்டு, அந்தத் தனியறையில் வேலை செய்யுங்கள்.

உதவி கேட்கும்போது கட்டளை தட்டிய வரியிலிருந்து கடைசி வரை முழுத்திரையையும் படம் எடுத்து அனுப்புங்கள். அதோடு வார், லாக், ஏபிடி என்ற கோப்புறையில் உள்ள ஹிஸ்டரி கோப்பையும் அனுப்புங்கள். எந்த நாள், எந்த மணிக்கு, எந்தக் கட்டளையால் எது வந்தது, எது போனது என்று அதில் வரிவரியாக இருக்கும்.

ஒருவேளை ஸ்டேட்டஸ் கோப்பே கெட்டுப்போனாலும் கைவிட வேண்டாம். செக்ரோலுக்கு நகல் உண்டு. வார் கோப்புறைக்குள் பேக்கப்ஸ் என்று ஒன்று இருக்கிறது. கணினி ஓடும் நாட்களில் பதிவேடு மாறியிருந்தால் அதன் நகல் அங்கே சேர்கிறது. மிக அண்மையதற்கு "டிபிகேஜி.ஸ்டேட்டஸ்.0" என்று பெயர். கெட்ட கோப்பை அழிக்காமல் வேறு பெயரில் ஓரமாக வைத்துவிட்டு, நகலை அந்த இடத்தில் வையுங்கள். பிறகு "கான்ஃபிகர் -ஏ", அப்டேட், "ஃபிக்ஸ்-புரோக்கன்" என்ற வரிசையில் போங்கள். நீக்கும் பட்டியல் நீளமாக வந்தால் "என்" அடித்துவிட்டு எனக்குப் படம் அனுப்புங்கள்.