கச்சேரியில் ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்க

முதலில் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். கண்மூடி ஆலாபனையில் இருப்பவர் முகத்தில் அதை அடிப்பது அநியாயம். சென்னை சபாக்களுக்கு நான் எடுத்துப்போவது தூரத்து முகத்தை நெருக்கிக் காட்டி, மங்கலிலும் நிறைய ஒளியை உள்ளே விடும் 85 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ். ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 3200 வரை தயங்காமல் ஏற்றலாம். படம் கொஞ்சம் புள்ளியடித்தால் பரவாயில்லை, முகம் கலங்கினால்தான் போச்சு. பாடகருக்கு ஷட்டர் வேகம் 1/125 நொடி போதும். தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்க விரல்கள் தெளிவாக நிற்க 1/500 வேண்டும்.

சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர்தான் மரியாதை. ஆனால் சில எல்இடி விளக்குகளில் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இவை நொடிக்கு 100 முறை மினுங்கும்; ஷட்டர் வேகத்தை 1/100க்கு இறக்கினால் கோடு பெரும்பாலும் மறைந்துவிடும்.

அப்புறம் மைக். நேர் எதிரே உட்கார்ந்தால் வாயை மறைக்கும். பக்கவாட்டில் இடம் பிடியுங்கள்.