முதுநிலை உயிர்வேதியியலில் ஆய்வுக் கருத்தரங்கை நிரந்தரப் பாடமாக்குவது எப்படி

மாணவர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரையை (பேப்பரை) படித்து விளக்கி விவாதிப்பது ஜர்னல் கிளப். பல துறைகளில் அந்தப் பெயரில் வெள்ளிக்கிழமை மதியம் ஏதோ ஒன்று நடக்கும். ஆர்வமுள்ள ஆசிரியர் ஒருவர் இருக்கும்வரை ஓடும். அவர் மாற்றலாகிப் போனாலோ, நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) வேலை தலைக்குமேல் வந்தாலோ நின்றுவிடும். கிரெடிட், டைம்டேபிளில் ஓர் இடம், மதிப்பெண் பட்டியலில் ஒரு வரி, இந்த மூன்றும் கிடைக்காத எதுவும் நம் கல்லூரிகளில் இரண்டு வருடம் தாண்டாது. அந்த ஜர்னல் கிளப்பையே ஆய்வுக் கருத்தரங்கு என்ற கிரெடிட் பாடமாக்கும் வழியை, தமிழ்நாட்டில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியின் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் துறையை மனதில் வைத்து எழுதுகிறோம். பல்கலைக்கழகத் துறைகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒரு செமஸ்டர் கிரெடிட் இல்லாமல் நடத்திப் பாருங்கள். வருகைப் பதிவு, எடுத்துக்கொண்ட பேப்பர்களின் பட்டியல், மாணவர்கள் எழுதிய குறிப்புகளில் நல்லது மூன்று, மோசமானது மூன்று என்று ஒரு கோப்பில் சேருங்கள். பாடத்திட்டக் குழுவில் வெளியிலிருந்து வரும் பாட வல்லுநர்களும், துணைவேந்தரின் பிரதிநிதியும், தொழில்துறையைச் சேர்ந்த ஒருவரும் இருப்பார்கள். "மாணவர்களின் சிந்தனைத் திறன் வளரும்" என்ற வரி அவர்களை அசைக்காது. அந்த ஆறு குறிப்புகளையும் மேஜையில் வையுங்கள். பேச்சு தானாகத் தொடங்கும்.

குழுவுக்குப் போகும் முன் கிரெடிட் கணக்கை முடித்துவிட வேண்டும். மொத்த கிரெடிட்டைக் கூட்டக் கேட்காதீர்கள். கூட்டினால் விஷயம் ஒழுங்குவிதித் திருத்தமாகி மற்றத் துறைகளின் கைக்கும் போய்விடும். இருக்கும் ஒன்றிலிருந்துதான் எடுக்க வேண்டும், உண்மையான சண்டையும் அங்கேதான். பெயரளவில் நடக்கும் எலெக்டிவ் (விருப்பப் பாடம்) ஒன்றிலிருந்து 2 கிரெடிட் எடுப்பதே குறைந்த காயம். அந்த எலெக்டிவை நடத்துபவரையே கருத்தரங்கின் ஒருங்கிணைப்பாளர்களில் ஒருவராக்கிவிட்டால் ஒர்க்லோடு சிக்கலும் தீரும். யுஜிசியின் 2018 விதிகளின்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரடிக் கற்பித்தல். கருத்தரங்கின் மணிகள் இந்தக் கணக்கில் ஏறாவிட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஏறினாலும் முணுமுணுப்பார்கள், அது வேறு.

அடுத்தது வகை. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். வாரம் இரண்டு மணி நேரத்தை தியரி என்று பதிந்தால் 2 கிரெடிட் கிடைக்கும், கூடவே செமஸ்டர் முடிவில் எழுத்துத் தேர்வும் வந்து சேரும். எழுத்துத் தேர்வு வந்ததும் கேள்வி வங்கி வரும், நோட்ஸ் வரும், கருத்தரங்கு அங்கேயே செத்துவிடும். பிராக்டிகல் என்று பதிந்தால் அதே இரண்டு மணிக்கு 1 கிரெடிட்தான். உங்கள் ஒழுங்குவிதியில் செமினார், ப்ராஜெக்ட், வைவா (வாய்மொழித் தேர்வு) என்று தனித் தலைப்பு இருக்கிறதா என்று தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். அதில் சேர்த்தால் எழுத்துத் தேர்வு இல்லாமலே கிரெடிட் வாங்கலாம்.

இரண்டு செமஸ்டருக்கு நடத்துவதாக இருந்தால் பாடக் குறியீடும் இரண்டு கேளுங்கள்: ஆய்வுக் கருத்தரங்கு 1, ஆய்வுக் கருத்தரங்கு 2. ஒரே குறியீடு இரண்டாம் முறை வந்தால் மதிப்பெண் மென்பொருள் அதை அரியர் என்று எடுத்துக்கொள்ளக்கூடும்.

புதிய சிலபஸ் பொதுவாக அந்த ஆண்டு சேரும் மாணவர்களிலிருந்துதான் அமலாகும். மூன்றாம் செமஸ்டர் பாடமாக 2026-27 சேர்க்கைக்கு ஒப்புதல் வாங்கினால் முதல் வகுப்பு 2027 ஜூனுக்கு மேல்தான். இடையில் வரும் ஆண்டைக் கிரெடிட் இல்லாத ஓட்டத்தால் நிரப்புங்கள். பிஎச்.டி. மாணவர்களையும் அதே அறையில் உட்காரவைப்பது நல்லது. யுஜிசியின் 2022 விதிகளின்படி அவர்களுக்குக் குறைந்தது 12 கிரெடிட் கோர்ஸ்வொர்க் வேண்டும். ஆய்வு நெறிமுறைப் பாடமும் ஆய்வு முறையியலும் போக மீதியில் இதற்கு இடம் இருக்கும்.

வாரக் கணக்கு

செமஸ்டருக்கு 15 வாரம். முதல் வாரம் விதிகளுக்கும் பேப்பர் படிக்கும் முறைக்கும். இரண்டாம் வாரம் ஆசிரியரே ஒரு பேப்பரை நடத்திக் காட்ட வேண்டும். இதைத் தவிர்க்கும் துறைகளில் மாணவர்கள் ஐம்பது ஸ்லைடோடு வந்து நிற்பார்கள். இன்டர்னல் தேர்வுகளுக்கு இரண்டு, தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஒன்று. மீதி 10 அமர்வு, அமர்வுக்கு இருவர், ஆக 20 இடம். வகுப்பில் 20 பேருக்கு மேல் இருந்தால் இரண்டு அறையாகப் பிரியுங்கள். இருவர் சேர்ந்து ஒரு பேப்பர் என்று விட்டால் ஒருவர் பேசுவார், மற்றவர் ஸ்லைடு மாற்றுவார்.

அடுத்தடுத்த இரண்டு பீரியடைக் கேட்டு வாங்குங்கள். 50 நிமிட பீரியடானால் 100 நிமிடம், ஆளுக்கு 50. பின்னணிக்கு 10, படங்களுக்கு 20, கேள்விக்கு 20. பின்னணி 10 நிமிடத்தைத் தாண்டும்போது மணி அடிக்க ஒரு மாணவரை வையுங்கள். புற்றுநோய் என்றால் என்ன என்பதிலேயே கால் மணி நேரம் போய்விடுவதுதான் வழக்கம்.

பேப்பர் தேர்வு

தேர்வை மாணவர்களிடம் முழுக்க விட்டுவிடக் கூடாது. விட்டால் பாதிப்பேர் ரிவியூ கட்டுரை கொண்டுவருவார்கள். மீதிப்பேர் ஏதோ ஓர் இலைச் சாற்றின் டிபிபிஹெச் (ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு) சோதனையையோ, ஒரு என்சைம் அளவீடும் இல்லாமல் மூலக்கூறு பொருந்துவதைக் கணினியில் மட்டும் பார்க்கும் டாக்கிங் பேப்பரையோ கொண்டுவருவார்கள். ஒருங்கிணைப்பாளர் 40 பேப்பர் கொண்ட பட்டியல் வைத்திருந்து அதிலிருந்து எடுக்கச் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கை மாற்றினால் சீனியரின் ஸ்லைடுகள் கைமாறுவது குறையும்.

பழைய பேப்பரையும் புதியதையும் ஜோடியாக வைப்பது நன்றாக வேலை செய்யும். சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963இல் வெளியிட்ட பாலிபெப்டைடு பேப்பரை ஒருவர் எடுக்கட்டும். அதே அமர்வில் இன்னொருவர் புரோட்டீன் டேட்டா பேங்கில் (புரதக் கட்டமைப்புகளின் பொதுத் தரவுத்தளம்) அண்மையில் வந்த ஒரு கட்டமைப்பின் சரிபார்ப்பு அறிக்கையை எடுத்து, அந்தப் பழைய பேப்பரிலிருந்து பிறந்த ராமச்சந்திரன் வரைபடத்தில் அனுமதிக்கப்பட்ட பகுதிகளுக்கு வெளியே விழும் அமினோ அமிலங்கள் எவை, ஏன் என்று பேசட்டும். சவ்வின் இருபுறமும் உள்ள புரோட்டான் வேறுபாடே ஏடிபி உருவாவதை இயக்குகிறது என்பது மிட்செலின் வேதிச்சவ்வூடு கொள்கை. அதற்கு 1974இன் ராக்கர்–ஸ்டோகீனியஸ் பேப்பர் பொருத்தம். ஒளியால் புரோட்டானைத் தள்ளும் பாக்டீரியோரோடாப்சினையும், ஏடிபியை உருவாக்கும் என்சைமான மாட்டின் இதய மைட்டோகாண்டிரியா ஏடிபிஏஸையும் ஒரே செயற்கைக் குமிழில் வைத்து, ஒளி பட்டதும் ஏடிபி உருவாவதைக் காட்டியது அது. இதனுடன் அந்த என்சைமின் ஒரு பகுதியான எஃப்1-ஏடிபிஏஸ் சுழல்வதை நேரில் காட்டிய 1997 பேப்பரைச் சேருங்கள்.

அரசுக் கல்வி நிறுவனம் என்றால் 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா என்ற மத்திய அரசின் ஜர்னல் சந்தாத் திட்டத்தில் ஏராளமான ஜர்னல்கள் திறக்கும். சுயநிதிக் கல்லூரிகள் அதில் வராது. அங்கே பட்டியலை பப்மெட் சென்ட்ரலில் இலவசமாகக் கிடைப்பவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்தப் பேப்பரையும் மாணவருக்குக் கொடுக்கும் முன், அது திரும்பப் பெறப்பட்டதா, யாராவது அதில் கோளாறு சுட்டியிருக்கிறார்களா என்று ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்திலும் பப்பியரிலும் ஒருமுறை தேடிவிடுங்கள்.

முந்தைய நாள் குறிப்பு

பேசாத மாணவர்கள் எல்லாரும் முந்தைய நாள் மாலை 6 மணிக்குள் ஒரு பக்கம் கையால் எழுதித் தர வேண்டும். மூன்றே விஷயம்: ஒன்று, பேப்பர் சொல்வது என்ன, ஒரே வாக்கியத்தில்; இரண்டு, அதைத் தாங்கி நிற்கும் படம் எது, எந்தப் பகுதி, அதன் இரண்டு அச்சுகளிலும் என்ன; மூன்று, முடிவு தவறென்றால் எந்தச் சோதனை அதைக் காட்டும். அமர்வுக்குப் பின் வாங்கினால் பேச்சைக் கேட்டு எழுதியதுதான் வரும். சாட்ஜிபிடி முதல் கேள்விக்கு அழகாகப் பதில் எழுதிவிடும். அச்சுக் கேள்வியும், அறையில் அதே குறிப்பை வைத்து வாய்வழியாகக் கேட்கும் ஒரு கேள்வியும்தான் படிக்காதவரைக் காட்டிக்கொடுக்கும்.

டிஎன்ஏ எப்படி இரட்டிக்கிறது என்பதை, கனமான நைட்ரஜனால் குறியிட்ட டிஎன்ஏ பட்டைகளை வைத்துக் காட்டிய மெசல்சன்–ஸ்டால் 1958 பேப்பரை எடுத்துக்கொள்வோம். எல்லா மாணவரும் "அரைப் பழமைகாப்பு இரட்டிப்பு" என்று ஒப்பிப்பார்கள். கேட்க வேண்டியது: முதல் தலைமுறைப் பட்டை மட்டும் கையில் இருந்தால் எந்தக் கருதுகோள் விழும், எது நிற்கும்? நடுவில் ஒரே பட்டை வந்ததால், பழைய இரட்டை இழை அப்படியே நிற்கும் என்ற முழுப் பழமைகாப்பு விழுந்துவிடுகிறது. ஒவ்வோர் இழையிலும் பழையதும் புதியதும் கலந்திருக்கும் என்ற சிதறல் முறை இன்னும் நிற்கிறது. இரண்டாம் தலைமுறையில் பாதி நடுவிலும் பாதி லேசான இடத்திலும் பிரிந்த பிறகுதான் அதுவும் விழுகிறது. இந்த ஒரு கேள்விக்கே பத்து நிமிடம் ஓடும்.

இன்னொன்று, தடுப்பான்கள் பற்றிய எந்தப் பேப்பருக்கும் பொருந்துவது. இரண்டு பேப்பர்களின் ஐசி50 மதிப்புகளை (என்சைமின் வேகத்தைப் பாதியாக்கும் தடுப்பான் அடர்த்தி) நேராக ஒப்பிட்டு "இது ஐந்து மடங்கு வலிமை" என்று மாணவர் சொல்வார். போட்டித் தடுப்பானுக்கு ஐசி50 என்பது கேஐயை (1 + எஸ் ÷ கேஎம்) ஆல் பெருக்கினால் வருவது. கேஐ தடுப்பானின் பிணைப்பு மாறிலி, எஸ் சப்ஸ்ட்ரேட்டின் அடர்த்தி, கேஎம் என்சைம் பாதி வேகத்தில் ஓடும் சப்ஸ்ட்ரேட் அடர்த்தி. கேஐ 10 நானோமோலார் உள்ள ஒரே சேர்மம், சப்ஸ்ட்ரேட் கேஎம் அளவில் இருந்தால் 20 காட்டும், கேஎம்மின் நான்கு மடங்கில் இருந்தால் 50 காட்டும். முறைகள் பகுதியில் சப்ஸ்ட்ரேட் அடர்த்தியைத் தேடச் சொல்லுங்கள். தேடிக் கண்டுபிடிப்பவருக்கு அன்றைய முழு மதிப்பெண்.

அறையில் நடக்கும் தவறுகள்

கேள்வி நேரத்தின் முதல் 10 நிமிடம் ஆசிரியர்கள் வாய் திறக்கக் கூடாது. இது எழுத்தில் இருக்க வேண்டும், துறைத் தலைவருக்கும் சேர்த்து. மூத்த பேராசிரியர் ஒருவர் ஆரம்பித்தால் அது விரிவுரையாகும், இருவர் ஆரம்பித்தால் பழைய கணக்கு தீர்க்கும் இடமாகும். முதல் கேள்வி யாருடையது என்று சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். தமிழில் கேட்கலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆங்கிலத்தில் வாக்கியம் தேடிக்கொண்டே வாயை மூடியிருக்கும் பிள்ளைகளிடம்தான் பல நேரம் கூர்மையான சந்தேகம் இருக்கிறது.

மதிப்பெண்ணை முழுக்க இன்டர்னலாக வைக்க விதி இடம் கொடுத்தால் பேச்சுக்கு 30, குறிப்புகளுக்கு 30 (பத்து குறிப்பு, ஒவ்வொன்றுக்கும் 3), கேட்ட கேள்விகளுக்கு 20, கடைசி வைவாவுக்கு 20. பேசும் மாணவர் தன் பேப்பருக்குக் குறிப்பு தர வேண்டாம். அந்த அமர்வின் இன்னொரு பேப்பருக்குத் தருவார். பேச்சுக்கு 60, 70 என்று கொடுத்தால் தன் முறை முடிந்த மாணவர் மறுவாரம் முதல் வரமாட்டார். எக்ஸ்டர்னல் 75 கட்டாயம் என்றால், முன்பு விவாதிக்காத ஒரு பேப்பரை மூன்று நாள் முன்னால் கொடுத்து, வெளித்தேர்வாளர் அதில் இரண்டு படங்களை மட்டும் வைத்து வைவா நடத்தட்டும்.

ஒருங்கிணைப்பாளர்கள் இருவர், தலைக்கு இரண்டு ஆண்டு. ஒருவர் ஆரம்பிக்கும் ஆண்டில் மற்றவருக்கு அது இரண்டாம் ஆண்டாக இருக்க வேண்டும். பேப்பர் பட்டியல், குறிப்புப் படிவம், மதிப்பெண் தாள், நாள்வாரி அட்டவணை, பாடத்திட்டக் குழு தீர்மானத்தின் நகல் எல்லாம் துறையின் பொது மின்னஞ்சல் கணக்கில் இருக்கட்டும், யாருடைய சொந்த பென்டிரைவிலும் வேண்டாம். செமஸ்டர் முடிந்த வாரமே பட்டியலில் ஒவ்வொரு பேப்பருக்கும் எதிரே ஒரு வரி எழுதிவையுங்கள்: எந்தப் படத்தில் வகுப்பு தடுமாறியது, எந்தக் கேள்வி வேலை செய்தது, அடுத்த ஆண்டு வைக்கலாமா வேண்டாமா.