பைலட் பயிற்சிக்கு வெளிநாடு வந்திருக்கிறீர்களா? மொத்தக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள்

பயிற்சிக்காக வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே பல ஃபிளைட் ஸ்கூல்களில் ஒரு தாளை நீட்டுவார்கள். முழுக் கட்டணத்தையும் இப்போதே கட்டினால் தள்ளுபடி, இல்லையென்றால் மணிக் கணக்குப்படி கூடுதல் விலை. வீட்டில் கடன் வாங்கி அனுப்பிய பணம் கையில் இருக்கும். கட்டிவிட்டால் கவலை விட்டது என்று தோன்றும். தயவுசெய்து கட்டாதீர்கள். அந்தத் தள்ளுபடிக்காக நீங்கள் அந்தப் பள்ளிக்கு எந்த ஈடும் இல்லாமல் கடன் கொடுக்கிறீர்கள். பள்ளி மூடினால் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் பெரும்பாலும் கடைசியில் நிற்பது நீங்கள்தான்.

2008 பிப்ரவரி 3, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் கிளை வைத்திருந்த சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் நிறுவனம் அன்று திடீரென்று மூடிவிட்டது. படிப்புக்குச் சுமார் 70,000 டாலர். பெரும்பாலோர் கடன் வாங்கி மொத்தமாகக் கட்டியிருந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பாதியில் நின்றார்கள். பிரிட்டனில் டண்டீ நகரின் டேசைடு ஏவியேஷன் அரை நூற்றாண்டுக்கு மேல் நடந்த பள்ளி. 2023 ஏப்ரலில் அதுவும் மூடியது. அதே ஆண்டில் ஷோரம் விமான நிலையத்தில் இருந்த எஃப்டிஏ குளோபலும் போய்விட்டது. பழைய பள்ளி, பெயர் பெற்ற பள்ளி என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்துகிறவர்களிடம் டேசைடைச் சொல்லுங்கள்.

எல்லாப் பள்ளியும் ஏமாற்றுகிறது என்று நான் சொல்லவரவில்லை. இந்தத் தொழிலின் கணக்கே அப்படி. எரிபொருள், காப்பீடு, நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயப் பரிசோதனை, விமானத்தின் வாடகை எல்லாம் மாதாமாதம் ரொக்கமாகப் போகும். மழையோ பனியோ தொடர்ந்தால் பறப்பது நின்று வரவும் நின்றுவிடும். அப்போது புதிதாகச் சேர்ந்தவர் முழுசாகக் கட்டிய பணத்தில்தான் பழைய மாணவருக்குப் பெட்ரோல் ஊற்றுவார்கள். சேர்க்கை குறையும் மாதத்தில் எல்லாம் சரிந்துவிடும்.

உரிமம் கொடுக்கும் அமைப்பு பார்த்துக்கொள்ளும் என்று நம்பி வருகிறவர்கள் நிறைய. அமெரிக்காவின் எஃப்ஏஏவும் பிரிட்டனின் சிஏஏவும் பாதுகாப்பையும் பயிற்சித் தரத்தையும் பார்ப்பவை. உங்கள் கட்டணம் எந்தக் கணக்கில் கிடக்கிறது என்பது அவர்கள் வேலை இல்லை. சுற்றுலா போகிறவருக்கு நிறுவனம் மூடினால் பணத்தைக் காக்க சிஏஏ நடத்தும் அட்டோல் பாதுகாப்பு உண்டு, பயிற்சி மாணவருக்கு அப்படி ஒன்று இல்லை.

நாட்டுக்கு நாடு நிலைமை மாறும். ஆஸ்திரேலியாவுக்கு மாணவர் விசாவில் வந்தவர்கள் கொஞ்சம் கொடுத்துவைத்தவர்கள். வெளிநாட்டு மாணவருக்கு நடத்தலாம் என்று அரசு பதிவுசெய்த படிப்புகளின் கிரிகோஸ் பட்டியலில் உங்கள் படிப்பு இருந்தால், பள்ளி மூடும்போது அரசின் டியூஷன் புரொடெக்‌ஷன் சர்வீஸ் வேறு பள்ளியில் இடமோ, நடக்காத பகுதிக்கான பணமோ கிடைக்க வழி செய்யும். 25 வாரத்துக்கு மேற்பட்ட படிப்பென்றால், தொடங்கும் முன் பாதிக்கு மேல் கட்டச் சொல்லிப் பள்ளி வற்புறுத்த முடியாது. நியூசிலாந்திலும் தனியார் பள்ளிகள் மாணவர் கட்டணத்தைப் பாதுகாக்கும் விதிகள் உண்டு. அமெரிக்காவில் இது மாநிலத்தைப் பொறுத்தது. கலிஃபோர்னியாவில் 2,500 டாலருக்கு மேல் முன்பணம் வாங்காத, கடன் ஒப்பந்தம் போடாத பள்ளிக்குத் தனியார் கல்விச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. அந்த வரம்பை நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

விசா விஷயத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. அமெரிக்காவில் தொழிற்பயிற்சிக்குத் தரும் எம்-1 விசாவுக்குப் படிப்புச் செலவு முழுவதற்கும் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். காட்டுவது வேறு, கட்டுவது வேறு. வங்கியில் அது உங்கள் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ இருந்தால் போதும். "விசாவுக்கு முழுசா கட்டணும்" என்று ஏஜெண்ட் சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லிப் பாருங்கள்.

சரி, எப்படிக் கட்டுவது? வீட்டிலிருந்து பணம் நேராகப் பள்ளியின் கணக்குக்குப் போகக் கூடாது. உங்கள் கணக்குக்கு வரட்டும். அங்கிருந்து இரண்டு மூன்று வாரம் பறக்கத் தேவையானதை மட்டும், கிரெடிட் கார்டில் கட்டுங்கள். கார்டுக்குக் கூடுதலாகக் கொஞ்சம் பிடித்தாலும் பரவாயில்லை. வங்கி மாற்றலில் போனது திரும்ப வருவது அரிது, கார்டில் போனதற்குச் சார்ஜ்பேக், அதாவது கார்டு வங்கி வழியாகப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்கலாம். பிரிட்டனில் 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு கார்டு நிறுவனத்தையும் பொறுப்பாக்குகிறது. ஆனால் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் முழுப் படிப்பையும் ஒரே பொருளாக எழுதி விலை 30,000 பவுண்டைத் தாண்டினால், முன்பணத்தைக் கார்டில் கட்டியிருந்தாலும் இந்தப் பிரிவு உதவாது. கையெழுத்துக்கு முன், படிப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி ஒப்பந்தம் கேளுங்கள்.

ஒவ்வொரு பறத்தலுக்கு முன்னும் பின்னும், விமானம் ஓடிய மணிகளைக் காட்டும் ஹாப்ஸ் மீட்டரை போனில் படம் எடுங்கள். கிளம்பும்போது 4512.3, திரும்பி எஞ்சினை அணைக்கும்போது 4513.6 என்றால் 1.3 மணி. அதை மணி விலையால் பெருக்கி, இன்ஸ்ட்ரக்டர் கட்டணத்தைச் சேர்த்து, பள்ளியில் உங்கள் மீதி எவ்வளவு என்று அன்றைக்கே எழுதிவையுங்கள். மாதம் ஒருமுறை பள்ளியிடம் கணக்குத் தாள் வாங்கி ஒப்பிடுங்கள். நாளை திவால் நீதிமன்றத்தில் இவ்வளவு பாக்கி என்று நிரூபிக்க உங்கள் கையில் இருக்கப்போவது இதுதான்.

பள்ளி ஆட்டம் காணுவது பெரும்பாலும் முன்கூட்டியே கண்ணில் படும். பாகம் வரவில்லை என்று மாதக்கணக்கில் நிற்கும் விமானங்கள், சொல்லாமல் கிளம்பிப்போகும் இன்ஸ்ட்ரக்டர்கள், ரீஃபண்ட் கேட்டால் அடுத்த வாரம் என்ற பதில், திடீரென்று ஒரு புதுத் தள்ளுபடி. கடைசியாகச் சொன்னதுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். பிரிட்டனில் நிறுவனங்களைப் பதிவுசெய்யும் கம்பெனிஸ் ஹவுஸ் தளத்தில் பள்ளியின் ஆண்டுக் கணக்கை இலவசமாகப் பார்க்கலாம், கணக்குத் தாக்கல் தாமதமாகியிருந்தால் அதிலேயே தெரியும். அமெரிக்காவில் விமானத்தின் வாலில் உள்ள எண்ணை எஃப்ஏஏ பதிவேட்டில் போட்டால் அது யாருடையது என்று வரும்.

ஒருவேளை மூடியே விட்டால், முதலில் நீங்கள் பறந்த மணிகளைக் குறித்துவைத்த லாக்புக்கையும் பயிற்சிப் பதிவேட்டையும் வாங்குங்கள். அலுவலகம் பூட்டியிருந்தால் உங்கள் இன்ஸ்ட்ரக்டரைத் தேடிப் பிடித்து, விடுபட்ட கையெழுத்துகளை அன்றே போடச் சொல்லுங்கள். அவரும் வேலை தேடி வேறு ஊருக்குப் போய்விடுவார். அதே நாளில் கார்டு நிறுவனத்தைக் கூப்பிடுங்கள், தகராறு எழுப்ப அவகாசம் குறைவு. அப்புறம் திவால் அறிவிப்பில் கடன் கோரிக்கை தாக்கல் செய்யக் கெடு இருந்தால் குறித்துவையுங்கள். அமெரிக்கத் திவால் சட்டத்தில் நுகர்வோர் முன்பணத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம் டாலர் வரை முன்னுரிமை உண்டு, மிச்சம் எல்லோருடைய பாக்கியோடும் சேர்ந்துவிடும். பள்ளியே ஏற்பாடு செய்து கொடுத்த அமெரிக்கக் கடன் என்றால், தவணையை நிறுத்தும் முன் ஒரு வக்கீலைப் பாருங்கள். பள்ளிமீது உள்ள புகாரைக் கடன் கொடுத்தவரிடமும் எழுப்ப அங்குள்ள நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசியின் ஹோல்டர் விதி பல ஒப்பந்தங்களில் இடம் தருகிறது.

விசாவையும் உடனே கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் என்றால், வெளிநாட்டு மாணவர் விசாவைக் கவனிக்கும் பள்ளி அதிகாரியான டிஎஸ்ஓ போனை எடுக்கும்வரை காத்திருக்காமல், வெளிநாட்டு மாணவர் திட்டத்தை நடத்தும் அரசு அமைப்பான எஸ்இவிபியின் உதவி மையத்தை நேரடியாகக் கேளுங்கள். எம்-1 மாணவர் பள்ளி மாறப் பொதுவாக முதல் ஆறு மாதமே அனுமதி. அதைத் தாண்டியிருந்தால், உங்கள் கையை மீறிய காரணம் என்பதைக் காட்ட வேண்டும், அதற்குப் பள்ளி மூடிய அறிவிப்பின் நகல் தேவைப்படும்.

புதுப் பள்ளியிடம் பேசும்போது, பழைய மணிகளில் எவ்வளவு ஏற்பார்கள் என்பதை முதலில் கேளுங்கள். லாக்புக்கில் உள்ள மணி எங்கும் போகாது. ஆனால் எஃப்ஏஏ ஒப்புதல் பெற்ற பாடத்திட்டப்படி நடக்கும் அமெரிக்காவின் பார்ட் 141 பள்ளிகளுக்கிடையே மாறினால், புதுப் பாடத்திட்டத்தில் பாதிவரைதான் கழித்துத் தர விதி அனுமதிக்கிறது. அப்படிப்பட்ட பாடத்திட்டம் கட்டாயமில்லாத பார்ட் 61 முறையில் முடித்தால் அப்படிப்பட்ட வெட்டு இல்லை. இரண்டு வழிக்கும் மீதி எத்தனை மணி, என்ன செலவு என்று எழுதி வாங்கி ஒப்பிட்ட பிறகு சேருங்கள். அங்கேயும் இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும் கட்டுங்கள்.