பழைய ஆட்டோ கியர் காரை நிறுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் பாயா தெருபோங் பக்கம் அடுக்குமாடி வீடுகள் பலவும் மலையோரமாகத்தான் நிற்கின்றன. கார் நிறுத்துகிற இடமும் சரிவுதான். காலையில் யாராவது பழைய ஆட்டோ கியர் காரைக் கிளப்பி, கியரை 'பி'யிலிருந்து (பார்க், அதாவது நிறுத்தும் நிலை) இழுத்தால் அடியில் 'டங்' என்று ஒரு சத்தம் கேட்கும். என்னுடைய 1982 மெர்சிடிஸ் டபிள்யூ123-லும் இரண்டு வருடம் அதே சத்தம். வயதான காருக்கு இதெல்லாம் இருக்கும் என்று விட்டுவைத்தேன். காரின் வயதுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நான் நிறுத்திய முறைதான் தப்பு.

'பி'யில் போட்டால் பிரேக் பிடிக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். எந்தப் பிரேக்கும் பிடிப்பதில்லை. கியர்பாக்ஸிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் தண்டில் பல் வைத்த வளையம் ஒன்று இருக்கிறது. 'பி'க்குத் தள்ளியதும் ஒரு சின்ன இரும்பு நாக்கு அந்தப் பல்லிடுக்கில் போய் உட்காரும். அவ்வளவுதான் பூட்டு. சரிவில் ஹேண்ட் பிரேக் இல்லாமல் விட்டால் 1,300 கிலோவுக்கு மேலான காரின் பாரம் முழுக்க அந்த நாக்கில்தான் தொங்கும். மறுநாள் அதைப் பலவந்தமாகப் பிடுங்கும்போது எழுவதுதான் அந்த 'டங்'.

ஹேண்ட் பிரேக் போடுகிறவர்கள்கூட வரிசையை மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். 'பி'க்குத் தள்ளி, கால் பிரேக்கை விட்டு, கார் சற்று உருண்டு நின்றபிறகு ஹேண்ட் பிரேக்கை இழுப்பார்கள். அதற்குள் பாரம் நாக்கின்மேல் ஏறிவிட்டது. இனி ஹேண்ட் பிரேக் தாங்குவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கால் பிரேக்கை மிதித்தபடி 'என்'னுக்கு (நியூட்ரல்) வாருங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். காலை மெல்ல எடுத்து, கார் ஹேண்ட் பிரேக்கில் உட்காரட்டும். அப்புறம் மறுபடி கால் பிரேக்கை மிதித்து 'பி'. கிளம்பும்போது நேர் எதிர்: கால் பிரேக், 'பி'யிலிருந்து வெளியே, கடைசியாகத்தான் ஹேண்ட் பிரேக்கை விடுவது. இப்படிச் செய்யத் தொடங்கிய அன்றே என் காரில் அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

"ஹேண்ட் பிரேக் போட்டால் ஒட்டிக்கொள்ளும், அதனால் தொடுவதே இல்லை" என்று சொல்பவர்கள் நம் ஊரில் நிறைய. டபிள்யூ123, வால்வோ 240 போன்ற கார்களில் பின் டிஸ்க்குக்குள்ளேயே ஹேண்ட் பிரேக்குக்கென்று தனியாக ஒரு குட்டி டிரம் இருக்கும். பயன்படுத்தாமல் விட விட, நம் ஈரக் காற்றில் அதன் கேபிளும் நெம்புகோலும் துருப்பிடிக்கும். தினமும் போட்டு எடுத்தால் இறுகாது. வாரக்கணக்கில் ஓட்டாமல் வைக்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் சமதரையில் நிறுத்தி, 'பி'யில் போட்டு, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தி வையுங்கள்.

சரி, வரிசை சரியாக இருந்தும் கார் நகர்ந்தால்? கியர் குச்சி 'பி'யில் நிற்கிறது, உள்ளே கியர்பாக்ஸ் 'பி'க்கு வரவில்லை என்று அர்த்தம். இரண்டையும் இணைக்கும் கம்பியின் முனைகளில் பிளாஸ்டிக் புஷ்கள், அதாவது ஆடாமல் பிடிக்கும் சின்ன வளையங்கள், இருக்கும். ஜெலுத்தோங்கில் ஒரு பட்டறையில் காரைத் தூக்கி வைத்து மெக்கானிக் அண்ணன் எனக்கு அதைக் காட்டினார். இரண்டு விரலால் அழுத்தினார். புஷ் காய்ந்த அப்பளம்போல நொறுங்கி அவர் உள்ளங்கையில் உதிர்ந்தது.

"மேலே குச்சியை நீ எங்கே தள்ளினாலும் கீழே பாதிதான் போகுது தம்பி. கியர்பாக்ஸ் மேல குத்தம் சொல்லாதே" என்றார்.

"அப்போ கியர் எண்ணெய் மாற்றினால் சரியாகாதாண்ணே?"

"எண்ணெய்க்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? இது இரும்பும் இரும்பும் மாட்டுற வேலை."

புஷ் மலிவான சாமான்தான். மாற்றியபிறகு கம்பியின் நீளத்தையும் சரிபார்த்து வைக்கச் சொல்லுங்கள். அதை விட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும்.

இந்தக் கோளாறு முன்கூட்டியே ஒரு அடையாளம் காட்டும். 'பி'யில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது, 'என்'னில் உடனே ஆகும். 'பி', 'என்' இரண்டில் மட்டும் ஸ்டார்ட் ஆக விடும் சுவிட்ச் ஒன்று உண்டு. கம்பி தளர்ந்தால் குச்சி காட்டும் இடமும் சுவிட்ச் நிற்கும் இடமும் பொருந்தாமல் போகும். இதைப் புரிந்துகொள்ளாமல் சிலர் அந்தச் சுவிட்சைத் தாண்டி வயரை நேராக இணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள். அதற்குப் பிறகு குச்சி 'டி'யில் (முன்னே ஓட்டும் கியர்) இருந்தாலும் சாவியைத் திருப்பினால் இன்ஜின் கிளம்பும், கார் முன்னே பாயும்.

குச்சி 'பி'க்கும் 'ஆர்'க்கும் (ரிவர்ஸ்) நடுவில் நிற்பது இதைவிட ஆபத்து. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, கேட் திறக்க இறங்குவோம். அதிர்வில் குச்சி 'ஆர்'க்கு விழுந்துவிடும். அமெரிக்காவில் 1970களின் ஃபோர்டு கார்களில் இதே புகார் பெரிதாகி, 1980-இல் அரசுடன் செய்த உடன்பாட்டின்படி அந்த நிறுவனம் சுமார் 23 மில்லியன் உரிமையாளர்களுக்கு எச்சரிக்கை ஸ்டிக்கர் அனுப்பியது. இறங்குவது அரை நிமிடத்துக்கே என்றாலும் ஹேண்ட் பிரேக் போட்டு இன்ஜினை அணையுங்கள். நம் பழைய கார்கள் பலவற்றில் கால் பிரேக்கை மிதிக்காமலேயே குச்சியை நகர்த்தலாம் என்பதால், பிள்ளைகளை உள்ளே தனியாக விட்டுப் போகவும் கூடாது.

டயர் மாற்றும்போது 'பி'யை நம்புவது உயிரோடு விளையாடுவது. பின் சக்கரம் இழுக்கும் காரில் ஒரு பின் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினால், இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் டிஃபரன்ஷியல் வழியாக அது அந்தரத்தில் எதிர்ப்பக்கம் சுழலும், தரையில் இருக்கும் மற்றது உருளும். பூட்டு உடையாமலேயே கார் நகர்ந்துவிடும். பின் சக்கரம் இரண்டையும் தூக்கினால் ஹேண்ட் பிரேக்கும் பயனில்லை, ஏனென்றால் அதுவும் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. முன் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைக்காமல் ஜாக்கியைத் தொடாதீர்கள்.

கார் முழுதாக நிற்குமுன் 'பி'க்குத் தள்ளினால் 'கடகட'வென்று கேட்பது நாக்கின் முனை பல்லில் மோதித் தேயும் ஓசை. இரட்டை வரிசையில் நிறுத்தி, மற்றவர்கள் தள்ளட்டும் என்று 'என்'னில் விட்டுப் போகும் பழக்கம் நம் அடுக்குமாடிகளில் உண்டே, அதைச் சரிவுள்ள இடத்தில் செய்யவே கூடாது. கார் நின்றுபோனால் பின் சக்கரம் தரையில் உருள இழுத்துப் போகவும் விடாதீர்கள். முழுக் காரையும் ஏற்றும் லாரியைக் கூப்பிடுங்கள்.

குச்சி 'பி'யிலேயே இறுகிவிட்டால் பலத்தைக் காட்ட வேண்டாம், புஷ்தான் உடையும். உள்ளே ஒருவர் கால் பிரேக்கில் காலை வைத்துத் தயாராக இருக்கட்டும். மேடான பக்கம் நிற்கும் இன்னொரு காரில் கயிறு கட்டிச் சற்றே இழுத்ததும் அவர் பிரேக்கை மிதிக்க வேண்டும். பாரம் விலகி, குச்சி வெண்ணெயில் இறங்கும் கத்திபோல வரும். சரிவின் கீழ்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது.

பூட்டு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா? லேசான சரிவில், கீழ்ப்பக்கம் சக்கரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி முட்டுக்கட்டை வையுங்கள். இன்ஜினை அணைத்து, 'பி'யில் போட்டு, ஹேண்ட் பிரேக் இல்லாமல் கால் பிரேக்கை மெதுவாக விடுங்கள். இரண்டு மூன்று அங்குலத்துக்குள் 'டக்' என்று நின்றால் நாக்கு பிடித்திருக்கிறது. முட்டுக்கட்டை வரை உருண்டு வந்தால் காரை அங்கேயே நிறுத்தி, அன்றைக்கே மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.