வாஷிங் மெஷின் கதவு திறக்கவில்லையா? இழுக்காதீர்கள், முதலில் தண்ணீரைப் பாருங்கள்

துவைத்து முடிந்து மெஷின் நின்றுவிட்டது, கதவு மட்டும் திறக்கவில்லை. இந்த நேரத்தில் கை தானாகக் கைப்பிடிக்குப் போய் ஓங்கி இழுக்கப் பார்க்கும். தயவுசெய்து இழுக்காதீர்கள். கைப்பிடி பிளாஸ்டிக், அதன் பின்னால் இருக்கும் கொக்கியும் சின்னது. அது உடைந்துவிட்டால், காசு செலவில்லாமல் முடிந்திருக்க வேண்டிய விஷயம் பாகம் வாங்கி மாற்றுகிற வேலையாகிவிடும்.

இங்கே சொல்வதெல்லாம் முன்பக்கம் வட்டக் கதவு உள்ள பிரண்ட் லோட் மெஷின்களுக்கு. மூன்று விஷயங்களில் ஒன்று நடந்துகொண்டிருப்பதாக மெஷின் நினைத்தாலும் பூட்டை விடாது: உள்ளே தண்ணீர் நிற்கிறது, டிரம் சுற்றுகிறது, தண்ணீர் கொதிக்கக் கொதிக்கச் சூடாக இருக்கிறது. அதனால் கதவு திறக்காத பல சமயங்களில் பூட்டு நன்றாகவே இருக்கும், கோளாறு வேறு எங்கோ இருக்கும். இது தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் கொஞ்சம் பொறுங்கள்

நிறைய மெஷின்களின் பூட்டுக்குள் ஒரு குட்டி ஹீட்டரும், சூடு பட்டால் வளைகிற ஒரு தகடும் இருக்கும். துவைக்கும்போது மின்சாரம் பாய்ந்து ஹீட்டர் சூடாகும், தகடு வளைந்து பூட்டைப் பிடித்துக்கொள்ளும். துவைத்து முடிந்ததும் மின்சாரம் நிற்கும், ஆனால் தகடு ஆறித் தன் பழைய நிலைக்கு வரச் சாதாரணமாக 1 முதல் 3 நிமிடம் ஆகும். அப்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு முன்னால் எவ்வளவு இழுத்தாலும் வராது. புதிய மாடல்கள் சிலவற்றில் காந்தச் சுருள் வைத்த பூட்டு இருப்பதால் உடனே திறந்துவிடும். வெந்நீரில் துவைத்திருந்தால் இன்னும் கூடுதல் நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

பட்டன்களை ஒருமுறை பாருங்கள்

'ரின்ஸ் ஹோல்டு' போட்டிருந்தால் மெஷின் வேண்டுமென்றே கடைசித் தண்ணீரோடு நின்றிருக்கும். அதில் தவறு எதுவும் இல்லை, ஸ்பின் அல்லது டிரெய்ன் (தண்ணீரை வெளியேற்றுவது) மட்டும் ஓடவிட்டால் போதும். எந்தப் பட்டனை அழுத்தினாலும் அசையவில்லை என்றால் சைல்டு லாக் விழுந்திருக்கலாம். பூட்டுப் படமோ குழந்தை முகமோ போட்ட பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் விடுபடும்.

துவைக்கும்போது நடுவில் கரண்ட் போயிருந்தால், திரும்பி வந்ததும் பல மெஷின்கள் விட்ட இடத்திலிருந்து தொடரும், கதவையும் மறுபடி பூட்டிக்கொள்ளும். அப்படி நடுவில் திகைத்து நின்றுவிட்டால் ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, 10 நிமிடம் சும்மா விடுங்கள். அப்புறம் செருகி, துவைக்கிற புரோகிராம் எதையும் தொடாமல் ஸ்பின் மட்டும் வையுங்கள்.

இனி தண்ணீர்

கண்ணாடி வழியாக உள்ளே பாருங்கள். துணி தண்ணீரில் மிதக்கிறதா? கதவின் அடிவிளிம்பு வரை தண்ணீர் தெரிகிறதா? தெரிந்தால் காரணம் கிடைத்துவிட்டது: தண்ணீர் வெளியே போகவில்லை, போகாதவரை கதவும் திறக்காது. எல்ஜி மெஷினில் 'ஓஇ', சாம்சங்கில் '5சி', பாஷில் 'இ18' என்று திரையில் வந்தால் அதுவும் இதே சேதிதான்.

முதலில் பின்னால் போகும் டிரெய்ன் பைப்பைப் பாருங்கள். மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கியோ மடங்கியோ இருந்தால் நிமிர்த்திவிட்டு ஸ்பின் போட்டுப் பாருங்கள். உள்ளே தண்ணீரைவிட நுரை அதிகமாகத் தெரிகிறதா? பவுடர் கூடிப்போயிருக்கிறது. நுரையைப் பம்பால் சரியாக இழுக்க முடியாது. ஒரு அரைமணி நேரம் விட்டு நுரை அடங்கியதும் மறுபடி டிரெய்ன் போடுங்கள்.

பைப் சரியாக இருந்தும் போகவில்லை என்றால் பம்ப் ஃபில்டரைத் திறக்க வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் பயப்படுகிற இடம் இதுதான், ஆனால் நிதானமாகச் செய்தால் யாராலும் முடியும். பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வெந்நீர் என்றால் நன்றாக ஆறும்வரை தொடவே வேண்டாம், சுட்டுவிடும். மெஷினின் முன்பக்கம் கீழ் மூலையில் ஒரு சின்ன மூடி இருக்கும், நகத்தாலோ நாணயத்தாலோ நெம்பினால் திறக்கும். உள்ளே திருகுகிற மாதிரி வட்டமான ஒன்று தெரியும், அதுதான் ஃபில்டர். சில மாடல்களில் அதன் பக்கத்திலேயே விரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாய் இருக்கும். அதை வெளியே இழுத்து, ஒரு தட்டில் வைத்து, நுனி அடைப்பைப் பிடுங்கினால் தண்ணீர் நிதானமாக வடியும். தட்டு நிறைந்ததும் அடைப்பைப் போட்டுவிட்டுக் கொட்டி வாருங்கள். குழாய் இல்லை என்றால் தரையில் பழைய துண்டுகளை விரித்து, ஃபில்டரைக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள், கசிகிற தண்ணீரைப் பிடியுங்கள், நிறைந்ததும் இறுக்குங்கள், திரும்பத் தளர்த்துங்கள். பொறுமை இழந்து ஒரே மூச்சில் கழற்றினால் டிரம்மில் இருக்கும் தண்ணீர் முழுவதும் தரைக்கு வந்துவிடும்.

வடிந்ததும் ஃபில்டரை வெளியே எடுங்கள். அதில் நூல் பிசிறும் முடியும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று திரண்டிருக்கும், அதற்குள் நாணயம், சட்டைப் பட்டன், ஹேர்பின் என்று ஏதாவது சிக்கியிருக்கும். ஃபில்டரைக் கழுவினால் மட்டும் போதாது. அது இருந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், உள்ளே ஒரு குட்டி விசிறி தெரியும். விரலாலோ குச்சியாலோ அதைச் சுற்றுங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றாமல் விட்டுவிட்டுத்தான் நகரும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படி, அதைப் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். சுத்தமாக அசையவே இல்லை என்றால் ஏதோ மாட்டியிருக்கிறது, கவனமாக எடுங்கள், உடைந்த கண்ணாடியோ ஊசியோ இருந்தால் கை கிழியும்.

ஃபில்டரை நேராக வைத்து, கடைசிவரை இறுக்கி, பிளக் செருகி ஸ்பின் போடுங்கள். முக்கால்வாசிப் பேருக்குக் கதவு இங்கேயே திறந்துவிடும் என்று நம்புகிறேன்.

தண்ணீரே இல்லை, ஆனாலும் பூட்டியே இருக்கிறது

காதைக் கூர்மையாக வையுங்கள். 'டக் டக்' என்று திரும்பத் திரும்பக் கேட்டால், பூட்டு திறக்கப் பார்க்கிறது, முடியவில்லை என்று அர்த்தம். ஒரு துணியின் ஓரம் கதவுக்கும் ரப்பருக்கும் நடுவில் மாட்டினாலும் கொக்கி இறுகிக்கொள்ளும். ஸ்டார்ட் அழுத்தி நிறுத்திய பிறகு, பூட்டு இருக்கும் பக்கத்தைக் கையாலோ முழங்காலாலோ உள்ளே அழுத்திப் பிடியுங்கள், சத்தம் வந்ததும் மெதுவாகத் திறந்து பாருங்கள். பல தடவை இதுவே போதும்.

சத்தமே வரவில்லையா? ஃபில்டர் மூடிக்குள் மறுபடி பாருங்கள். சில மெஷின்களில் ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறத்தில் ஒரு சின்ன நாக்கோ நாடாவோ தொங்கும். அதுதான் அவசரத் திறப்பு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதைக் கீழ்நோக்கி இழுத்தால் கதவு விடுபடும். உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று அது பார்க்காது, அதனால் வடித்த பிறகுதான் இழுக்க வேண்டும்.

அந்த நாக்கு எல்லா மெஷினிலும் இருக்காது. இல்லாதபோது மெல்லிய, உறுதியான நைலான் கயிறு உதவும். கதவுக்கும் மெஷின் உடலுக்கும் நடுவில், கைப்பிடி பக்கமாக, கயிற்றைச் செருகி இரண்டு நுனியையும் பிடித்துக் கீல் இருக்கும் பக்கமாக இழுத்தால் கொக்கி நகர்ந்து கதவு திறப்பதுண்டு. ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பாதீர்கள், ரப்பர் கிழிந்தால் அப்புறம் தண்ணீர் ஒழுகும்.

கைப்பிடி எந்த எதிர்ப்பும் இல்லாமல் தொளதொளவென்று ஆடினால் உள்ளே ஸ்பிரிங்கோ கொக்கியோ உடைந்திருக்கிறது. தண்ணீர் இல்லாதபோதும் இருப்பதாகவே மெஷின் நினைத்துக்கொண்டிருந்தால், நீர்மட்டம் பார்க்கிற சென்சாருக்குப் போகும் மெல்லிய காற்றுக் குழாய் அடைத்திருக்கலாம். இந்த இரண்டுக்கும் மெஷினைத் திறக்க வேண்டும். மேல்மூடியைக் கழற்றிப் பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கைக் கூப்பிடுவதுதான் நல்லது. கூப்பிடும்போது தண்ணீர் இருந்ததா, சத்தம் வந்ததா, திரையில் என்ன எழுத்து என்ற மூன்றையும் சொல்லுங்கள், அவர் சரியான பாகத்தோடு வருவார்.

கதவு திறந்ததும் உடனே அடுத்த துணியைத் திணிக்காதீர்கள். காலி மெஷினில் ஒரு ரின்ஸ் ஓடவிட்டு, ஃபில்டர் மூடிக்குக் கீழே விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் பிளக்கைப் பிடுங்கி, தண்ணீரை வடித்துவிட்டு, ஃபில்டரைக் கழற்றி அதன் ரப்பர் வளையத்தில் ஒட்டியிருக்கும் பிசிறைத் துடைத்து மறுபடி போடுங்கள்.