முதல் புத்தகத்தைச் சொந்தமாகப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காட்டில் ஐப்பசி மழையும் மூடுபனியும் சேர்ந்தால் அலமாரித் துணிகூட ஈரம் கோத்துக்கொள்ளும். இது தெரிந்திருந்தும், என் முதல் புத்தகத்தை 1,000 பிரதி அச்சிட்டு, சேலத்து வீட்டில் இடமில்லை என்று மலைமேல் கொண்டுபோய் அடுக்கினேன். அடுத்த கோடையில் கட்டைப் பிரித்தால் அட்டை நெளிந்து, ஓரமெல்லாம் பூஞ்சை. அதுவரை விற்றது இருநூற்றுச் சொச்சம். மீதியை எடைக்குப் போட்ட நாள் இன்னும் நெஞ்சில் இருக்கிறது. அதனால், புத்தகம் போடப்போகிறேன் என்று யார் வந்தாலும் எத்தனை பிரதி என்பதைத்தான் முதலில் கேட்கிறேன்.

ஆயிரம் போட்டால் அடக்கவிலை குறையும் என்று அச்சகத்தில் சொல்வார்கள். பிளேட் என்ற தகடு செய்து அடிக்கும் ஆஃப்செட் அச்சில் அது உண்மை. பிளேட்டுக்கும் இயந்திரம் ஓட்டத் தொடங்குவதற்கும் ஆகும் செலவு 100 பிரதிக்கும் 1,000 பிரதிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் விற்காத பிரதிக்கு அடக்கவிலை குறைந்து என்ன பயன்? டிஜிட்டல் அச்சில் இப்போது 50 பிரதி போட்டுக்கொள்ளலாம். பிரதிக்குக் கொஞ்சம் கூடுதலாகும், ஆனால் மொத்தப் பணமும் முடங்காது. அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணை வரும் என்று நம்பி ஆயிரம் போடுகிறவர்களும் உண்டு. ஆணை வந்தால் மகிழ்ச்சி. வருமுன்னே அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பக்கக் கணக்கையும் பாருங்கள். பெரிய தாளில் சேர்த்து அடித்து மடிக்கும் பக்கத் தொகுப்பைப் பாரம் என்பார்கள், பொதுவாக ஒரு பாரத்துக்கு 16 பக்கம். 160 பக்கம் என்றால் சரியாகப் பத்து பாரம். 163 பக்கத்தில் முடித்தால் அந்த மூன்று பக்கத்துக்காகத் தாளும் கூலியும் ஏறும்.

விலை வைப்பதில் பலர் கூச்சப்படுகிறார்கள். அடக்கம் 80 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 120 ரூபாய் விலை போட்டு, கடைக்கு 40 சதவீதம் கழிவு கொடுத்தால் கைக்கு வருவது 72. ஒவ்வொரு பிரதி விற்கும்போதும் 8 ரூபாய் நட்டம். 200 ரூபாய் வைத்தால் 120 வரும், பார்சல் செலவு போகக் கொஞ்சம் நிற்கும்.

இனி மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்ப்பது. மற்றத் தவறுகளைப் பிறகு சரிக்கட்டலாம், அச்சேறிய பிழையை அழிக்க முடியாது. கணினியில் பக்கம் அமைத்துத் தரும் டி.டி.பி. நிலையங்கள் பலவற்றில் இன்னும் யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருக்களில்தான் பக்கம் கட்டுகிறார்கள். நீங்கள் யூனிகோடில், அதாவது இன்று கைபேசியிலும் கணினியிலும் பொதுவாக இருக்கும் எழுத்து முறையில், அடித்துக் கொடுத்ததை எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டு எடுப்பார்கள். அப்போது மேற்கோள் குறி வேறு எழுத்தாகும், கொம்பு இடம் மாறும், நடுவே வரும் ஆங்கிலச் சொல் புரியாத தமிழ் எழுத்துகளாகச் சிதறும். ஆகவே மாற்றுவதற்கு முன் பிழை பார்த்துவிட்டோம் என்று இருந்துவிடக் கூடாது. பக்கம் கட்டியபின் தாளில் எடுத்து, வாய்விட்டுப் படிக்க வேண்டும். எழுதியவரின் கண் தான் எழுத நினைத்ததைத்தான் படிக்கும், எனவே இன்னொருவரும் படிக்க வேண்டும். ‘ர’வும் துணைக்காலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் ஒன்றுக்குப் பதில் மற்றது விழுந்தாலும் தெரியாது. பின்னாளில் மின்னூலாக்கும்போதுதான் அகப்படும். பி.டி.எஃப். மட்டும் வாங்கிக்கொண்டு வராமல், திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். அதற்கு ஐந்நூறு ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் கொடுத்துவிடலாம்.

சென்னைப் புத்தகக் காட்சிக்கு முன் வந்துவிட வேண்டும் என்ற அவசரம்தான் இந்தப் பிழைகளில் பாதிக்குக் காரணம். மார்கழியில் அச்சகங்கள் மூச்சு விடாமல் ஓடும், உங்கள் புத்தகத்தை நிதானமாகப் பார்க்க அங்கே ஆள் இருக்காது. ஆனியிலோ ஆவணியிலோ வந்தால் குறைந்து போகாது.

காசு வாங்கிக்கொண்டு பதிப்பித்துத் தரும் நிறுவனத்திடம் போனால் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். பதிப்புரிமையை எழுதிக் கொடுத்து, எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாமல் விட்டால், சட்டப்படி அது 5 ஆண்டாகக் கொள்ளப்படும். நூலை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கென்று தனிக் கட்டணம் கேட்டால் யோசியுங்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது. நீங்களே பதிப்பாளர் என்றால், 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூல் வெளிவந்த 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும்.

வெளியீட்டு விழா வைப்பது தவறில்லை. அம்மாவும் அப்பாவும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் விளம்பரத்துக்கு வைத்திருந்த பணத்தையெல்லாம் அன்றைக்கே மண்டபத்துக்கும் பொன்னாடைக்கும் கொடுத்துவிட்டால், மறுநாளிலிருந்து புத்தகத்துக்கு ஆள் இல்லை. ஓராண்டுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள், மாதம் ஒரு வேலை போதும். ஒரு மாதம் கிளை நூலக வாசகர் வட்டம், இன்னொரு மாதம் ஏதேனும் கல்லூரித் தமிழ்த்துறை, அப்புறம் சேலம் புத்தகத் திருவிழாவில் தெரிந்த பதிப்பகத்தின் அரங்கில் பத்துப் பிரதி. தறிக்காரர் வாழ்க்கையை எழுதியிருந்தால் அம்மாபேட்டையிலும், வெள்ளிக் கொலுசுப் பட்டறையை எழுதியிருந்தால் செவ்வாய்ப்பேட்டையிலும் முதல் பத்து வாசகர்களைத் தேடுங்கள். மலையைப் பற்றிய நூலென்றால் மே மாதம் மலர்க் காட்சிக்கு ஜனம் வரும்போது ஏற்காட்டுக் கடைகளில் வையுங்கள். இலவசப் பிரதிகளைப் பிரமுகர்களுக்குக் கொடுக்காமல், படித்து நாலு வரி எழுதக்கூடியவர்களுக்குக் கொடுங்கள். அட்டைப் படத்தையே தினமும் வாட்ஸ்அப் குழுக்களில் போட்டால் பத்தாவது நாள் அதை யாரும் பார்க்க மாட்டார்கள். வாசகர் எழுதிய ஒரு வரியை, அவரிடம் கேட்டுக்கொண்டு, வாரம் ஒன்றாகப் போடுங்கள்.

அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் ஏற்றும்போது அதன் செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் தரக் கூடாது. நீங்களாக நிறுத்தாவிட்டால் தானாகவே நீளும். அச்சு நூலுக்கு இந்தத் தடை இல்லை.

முதலில் அச்சிட்ட ஐம்பது பிரதியில் ஒன்றைத் ‘திருத்தப் பிரதி’ என்று எழுதி மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். வாசகர் சொல்லும் பிழைகளை அதில் பென்சிலால் குறித்து, மூலக் கோப்பில் திருத்திவிட்டு அடுத்த ஐம்பதுக்குக் கொடுங்கள்.